பலகை மேல் நின்று மாவரைத்த வீடு

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றின் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் பூர்விக வீட்டின் சமையலறையில், மாவரைக்கும் கிரைண்டருக்கு முன்னால், ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு பலா மணை எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகக் கிடந்தது. ஒரு காலத்தில் கூடத்தில் வரிசையாகப் போட்டு விருந்தினரைச் சாப்பிட உட்கார்த்திய மணைகளில் ஒன்று அது. மற்றவையெல்லாம் பரணுக்குப் போய்விட்ட பிறகு இது மட்டும் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. தரையின் குளிர்ச்சி காலில் ஏறாமலிருக்கப் போட்டிருக்கிறார்கள் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலைப் பொழுதில், அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வெறுங்காலோடு தரையில் நின்றபடி, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் பாத்திரத்தைத் தொட்டு மாவைத் தள்ளிவிடப் போன கணத்தில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரையில் சுரீரென்று ஏறிய வேதனைதான் அந்த மணையின் உண்மையான உபயோகம் இன்னதென்று எனக்கு அறிவித்தது.

என் கூச்சலைக் கேட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து வந்த அத்தை சற்றும் பதறவில்லை. “பலகை மேல நின்னுக்கோடா. அது லேசா பிடிக்கும். ஈரக் காலோட நின்னா கொஞ்சம் கூடவே பிடிக்கும். பாட்டி இருந்த காலத்துலேருந்தே அப்படித்தானே” என்று சொல்லி, மணையைக் காலால் நகர்த்தி என் முன்னால் இட்டுவிட்டு, மிச்ச மாவைத் தானே வழித்தெடுத்தாள்.

அன்று முழுவதும் வீட்டை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். கூடத்து விசிறியின் ரெகுலேட்டரை முந்தானையால் சுற்றிப் பிடித்துத்தான் அத்தை திருப்புகிறாள். மாடிப்படியின் கீழுள்ள சுவிட்சை மழைக்காலத்தில் யாரும் தொடுவதில்லை. இஸ்திரிப் பெட்டி போடும்போது கொல்லை மோட்டாரை ஓடவிடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்குமுன் கையைப் புடைவையில் துடைத்துக்கொள்கிறாள். தூண்களையும் முற்றத்தையும் போலவே இந்தப் பழக்கங்களும் வீட்டோடு வந்தவை என்று எண்ணி, எழுபது வயதைக் கடந்த ஒரு ஸ்திரீ, தனியாக வாழும் வீட்டில், இவற்றையெல்லாம் ஆசாரம் போல அனுஷ்டித்து வந்திருக்கிறாள் என்பதை நினைக்கையில், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் தங்கி, அத்தை அரைத்த மாவில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போன எங்களில் ஒருவராவது, அந்த மணை எதற்கு என்று ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும்.

பலகை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டரின் மோட்டாரில் சுற்றியுள்ள கம்பிச் சுருளின் காப்பு, வருஷக்கணக்கில் மாவின் ஈரம் பட்டுப்பட்டுத் தளர்ந்துபோய், மின்சாரத்தில் ஒரு சிறுபகுதி அதன் இரும்பு உடலுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்த உடலிலிருந்து பூமிக்கு ஒரு கம்பி ஓடியிருந்தால், கசிவு அதன் வழியே இறங்கிப் போயிருக்கும். அப்படி ஒரு கம்பி இல்லாததால், வெறுங்காலோடு நின்று தொடுகிற மனித சரீரமே அந்தக் கம்பியாகிவிடுகிறது. உலர்ந்த மரம் அந்த வழியை அடைத்தது, அவ்வளவே. மணை ஈரமாகிற நாளில், அல்லது அத்தையின் ஒரு கை கிரைண்டரிலும் மற்றொரு கை தண்ணீர்க் குழாயிலும் இருக்கிற ஒரு நாளில், அது அடைக்காது. ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் சரீரத்தில் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சற்று நேரம் நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையக்கூடும். பூஜை அறையில் இரவெல்லாம் எரிகிற 7 வாட் சிறுவிளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் அந்த 30 மில்லி ஆம்பியர்தான் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, மங்கலான அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. பைக்காராவில் 1932-இலும் மேட்டூரில் 1937-இலும் உற்பத்தியாகத் தொடங்கிய நீர்மின்சாரத்தால் மாகாணத்தில் ஊர் ஊராகக் கம்பங்கள் பரவி வந்த அந்தக் காலத்தில், எங்கள் தெருவுக்கும் அது ஒருவாறு வந்து சேர்ந்து, 1955-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் ‘கரண்டு வேலை’ என்ற தலைப்பின் கீழ் ஒரு முழுப் பக்கத்தை நிரப்பியிருக்கிறது. மின்சார வாரியம் என்ற ஸ்தாபனமே 1957-இல்தான் உண்டாயிற்று என்பதை நினைத்தால், எங்கள் வீட்டு விளக்குகளின் வயது புலப்படும். எட்டு விளக்கு, ஒரு விசிறி, ரேடியோவுக்கு ஒரு பிளக்கு: இவ்வளவுதான் தாத்தா கேட்டது. எட்டும் 40 வாட் விளக்குகளே என்று வைத்துக்கொண்டாலும், எல்லாம் ஒருசேர ஓடினால் 2 ஆம்பியரைச் சுற்றித்தான் வரும்.

அந்த முதல் வேலையைச் செய்தவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் சிரத்தையுள்ள மனிதர். தேக்குச் சட்டங்களைச் சுவரோடும் உத்தரத்தோடும் நூல் பிடித்தாற்போல் இழுத்து, சாண் இடைவெளிக்கும் குறைவாக உலோகக் கிளிப்புகள் அடித்து, ரப்பர் காப்பிட்ட செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் படுக்க வைத்து, மூலை திரும்பும் இடங்களில் சட்டத்தைச் சரிவாக அறுத்துப் பொருத்தியிருக்கிறார். எழுபது வருஷத்துக்குப் பிறகும் ஒரு சட்டமாவது சுவரை விட்டு விலகவில்லை. குறை அவருடையதன்று. ரப்பருக்கு ஆயுள் உண்டு. முப்பது நாற்பது வருஷத்தில் அது வறண்டு, வெடித்து, விரல் பட்டால் பொடியாக உதிரும் தன்மையை அடைந்துவிடுகிறது. விளக்கின் சூடு படும் ஹோல்டரின் அருகில் இன்னும் சீக்கிரமாகவே அடைகிறது. ஒரு தலைமுறைக்கென்று அவர் செய்து வைத்ததை மூன்று தலைமுறையாக நாங்கள் திரும்பிப் பாராமல் அனுபவித்தோம் என்பதே பொருந்தும்.

திரும்பிப் பாராததோடு நில்லாமல், அதன் மேல் மேலும் மேலும் ஏற்றினோம். எழுபதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் மாடியறைகளுக்கு மின்சாரம் இழுத்தபோது, தேசத்தில் செம்பு அரிதாக இருந்த காரணத்தால் வீடுகளிலெல்லாம் அலுமினியக் கம்பி புகுந்திருந்தது. எங்கள் வீட்டிலும் புகுந்தது. அலுமினியத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. கம்பங்களில் ஊருக்கு ஊர் மின்சாரத்தைச் சுமந்து வருவது அதுதான். ஆனால் திருகாணிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் சிறு முனையில் அதன் சுபாவம் வேறு: சூட்டில் விரிந்து, ஆறுகையில் சுருங்கி, நாளடைவில் திருகாணியின் பிடி தளர்ந்து, மேலே ஆக்ஸைடு படிந்து, தளர்ந்த இடம் சூடேறி, சூடேறிய இடம் மேலும் தளர்கிறது. பழைய செம்பையும் புதிய அலுமினியத்தையும் முறுக்கிச் சேர்த்து அதன் மேல் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் எங்கள் மாடிப்படியின் மேல் மட்டும் நான்கு இருந்தன. ஓட்டுக் கூரை ஒழுகும் இடமும் அதுவே. தொண்ணூறுகளில் டெலிவிஷனும் மிக்ஸியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தபோது பிளாஸ்டிக் கேசிங் ஒன்று சுவரெல்லாம் ஓடிற்று. அப்போது வேலை செய்தவர், மூன்று துளைப் பிளக்குகள் வைக்கும்படி கேட்டுக்கொண்டதற்கு இணங்கி மூன்று துளையும் வைத்தார். ஆனால் சில பிளக்குகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. சிலவற்றில், இல்லாத எர்த்துக்குப் பதிலாக, அந்தத் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டிருந்தார். இரண்டாவது முதலாவதைவிடக் கொடியது. வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்துபோனால், அந்த ஒரு துண்டுக் கம்பியின் உபயத்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவே முழு 230 வோல்ட்டோடு நிற்கும்.

இவையெல்லாம் எனக்குத் தானாகத் தெரிந்தவையல்ல. கும்பகோணத்திலிருந்து நான் அழைத்து வந்த எலக்ட்ரீஷியன், லைசென்ஸ் பெற்றவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், முதல் நாள் முழுவதும் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பாமல், டார்ச்சு விளக்கும் டெஸ்டரும் ஒரு நோட்டுப் புத்தகமுமாக வீட்டைச் சுற்றி வந்து, எந்தச் சுவிட்சு எதை இயக்குகிறது, எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரைந்தார். இப்படி வரையாமல் வேலையைத் தொடங்க வருகிறவரைப் பழைய வீட்டுக்குள் விடவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டையும் உருவி என் உள்ளங்கையில் வைத்து, “சார், இதைப் பாருங்க. ஃபியூஸ் கம்பி எங்க இருக்கு?” என்று கேட்டார். மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஏழெட்டு இழைச் செம்பு முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அடிக்கடி போகிறதே என்று யாரோ ஒருவர் ஓர் இழையைக் கூட்டியிருக்கிறார். பின்னொருவர் இன்னும் இரண்டைக் கூட்டியிருக்கிறார். கடைசியில் அது போவதே நின்றுவிட்டது. நாங்களும் கரண்டு நன்றாக இருக்கிறது என்று திருப்தியடைந்துவிட்டோம். உருகிப் போவதற்கென்றே வைத்த கம்பி உருக மறுத்தால், அடுத்தபடியாக உருகுவது சுவரில் ஓடும் கம்பிதான்.

இரண்டாவது கட்டை நியூட்ரலில் இருந்தது. அக்காலத்தில் இரு கம்பிக்கும் ஃபியூஸ் போடுவது சகஜம். நியூட்ரலில் அப்படித் தனியே வைக்கலாகாது என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் தடுத்தும், எங்கள் வீடு அதற்கு முந்திய வருஷத்தது ஆகையால், யாரும் அதை மாற்றவேயில்லை. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போய்விட்டால் விளக்கெல்லாம் அணைந்து, கரண்டு இல்லை என்றே யாரும் நம்புவார்கள். ஆனால் ஹோல்டரில் உயிர் இருந்துகொண்டே இருக்கும். அந்த நம்பிக்கையோடு நாற்காலியில் ஏறிப் பல்பைக் கழற்றப் போகிறவனின் நிலைமையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மறுநாள் அவர் மெக்கர் கொண்டுவந்தார். 500 வோல்ட் அழுத்தத்தைக் கம்பிக்கும் பூமிக்கும் இடையே கொடுத்து, காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. குறைந்தபட்சம் 1 மெகாஓமாவது காட்ட வேண்டும். முன் கட்டில் முள் எப்படியோ தத்தித் தத்தி அதைத் தாண்டிற்று. சமையலறைக் கம்பிகளில் வைத்தபோது பூஜ்யத்தை விட்டு அசைந்ததாகவே தோன்றவில்லை. அத்தை அருகே வந்து நின்று அந்த முள்ளை உற்றுப் பார்த்தாள். “இது எவ்வளவு போகணும் தம்பி?” என்று கேட்டாள். அவர் விரலால் காட்டினார். அதற்குப் பிறகு அத்தை வேலையைப் பற்றி ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை.

ஒட்டுப் போடுவதா, அடியோடு மாற்றுவதா என்பதில் எனக்கிருந்த தயக்கம் ஒரு சிறு கணக்கில் தீர்ந்தது. அத்தையின் முழங்கால் வலிக்கு வெந்நீர் வேண்டும் என்று வைக்க எண்ணிய கீசர் 2000 வாட். கோடையில் வரும் குழந்தைகளுக்காக ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 1600, இஸ்திரிப் பெட்டி 1000, மிக்ஸி 750, கொல்லையில் 1 குதிரைத்திறன் மோட்டார். எல்லாம் ஒருசேர ஓடினால் 6 கிலோவாட்டுக்குக் குறையாது. அதாவது தாத்தா கேட்ட 2 ஆம்பியர் இன்று 26 ஆம்பியர். கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் பதின்மூன்று மடங்கானால், அதே கம்பியில் வெப்பம் நூற்றைம்பது மடங்குக்கும் மேலாகிறது. கட்டை வண்டிக்கு அமைத்த பாலத்தில் லாரியை விடுவது போன்றதே இது. ஆகவே மீட்டரிலிருந்து எல்லாமே புதிதாக ஓடட்டும் என்று தீர்மானித்தோம்: விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, சமையலறைப் பிளக்குகளுக்கு 2.5, கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியே 4, எல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவை. கம்பி வாங்குவதில் மலிவு பார்ப்பவர்களிடம் நான் விவாதிக்கவே தயாராக இல்லை.

ஆனால் கம்பிக்கும் முன்பாக எர்த்து. வேலையில் என் மனம் மிகவும் லயித்தது இந்தப் பகுதியில்தான். கொல்லையில், கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவே, பாத்திரம் தேய்த்த தண்ணீர் ஓடி எப்போதும் ஈரம் காயாத ஓரிடத்தை எலக்ட்ரீஷியன் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுவதும் தோண்டினார்கள். மேலே கரிசல் கலந்த வண்டல், அதன் கீழே பிசுபிசுவென்ற களி. டெல்டாவின் மண் எர்த்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கிற மண் என்றார் அவர். பாறை நிலத்தில் இதே வேலைக்கு இரட்டிப்புப் பிரயாசை வேண்டுமாம். இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, பக்கங்களில் துளையிட்டு, செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் ஓரடுக்குக் கரியும் ஓரடுக்கு உப்புமாகப் போட்டு, தண்ணீர் விட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உப்பு அந்த ஈரத்தை மின்சாரத்துக்கு இணக்கமாக்குகிறது. ஆனால் அதே உப்பு குழாயையும் மெல்ல அரிக்கிறது என்பதால் சில வருஷங்களுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். மேலே ஒரு சிறு சிமெண்டுத் தொட்டி கட்டி, மூடி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் வைத்தார்கள். எர்த்து டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது 2 ஓமுக்குக் கீழே காட்டிற்று. அங்கிருந்து கிளம்பிய பச்சைக் கம்பி வீட்டின் ஒவ்வொரு பிளக்கின் மூன்றாவது துளைக்கும் போய்ச் சேர்ந்தது. பிளக்கின் அந்த மூன்றாவது முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செருகும்போது மின்சாரம் வருவதற்கு முன்னால் பூமியின் தொடர்பு வந்துவிட வேண்டும், உருவும்போது அதுவே கடைசியில் விலக வேண்டும் என்பதுதான் அந்த நீளத்தின் நோக்கம். அதை அறியாமல், பழைய இரண்டு துளைப் பிளக்கில் நுழையவில்லையே என்று அந்த முள்ளை வெட்டி எறிந்த கைகளில் என் கையும் ஒன்று. பதினைந்து வயதில், கல்யாண வீட்டு டேப்ரிக்கார்டருக்காகச் செய்தேன்.

ஃபியூஸ் கட்டைகளின் இடத்தில் எம்.சி.பி. வரிசை வந்தது; கம்பி தாங்குவதற்கு மேல் ஓட்டம் போனால் அது விழுந்துவிடும். அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டும் அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறுவிளக்கின் அளவு வித்தியாசம் வந்தால்கூட, எங்கோ யார் மூலமாகவோ பூமிக்குப் போகிறது என்று அறிந்து, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடுகிறது. எம்.சி.பி. கம்பியைக் காப்பது, இது மனிதரைக் காப்பது. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. இணைப்புக் கொடுத்த முதல் நாள் அதைத் தூக்கி விட விட விழுந்தது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றிப் பார்த்ததில், கிரைண்டரைக் கழற்றியதும் நின்றது. முப்பது வருஷமாக மணையால் மறைத்து வைத்திருந்த கசிவை அது ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. மோட்டாரைக் கும்பகோணத்துக்கு அனுப்பிப் புதிதாகக் காயில் கட்டிக் கொண்டுவந்தோம்.

சுவர்களைப் பற்றி எனக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வாக்குவாதமே நடந்தது. கூடத்துச் சுவர்கள் அரைத்த சுண்ணாம்பு பூசி, இழைத்து, கண்ணாடி போலக் கடைந்தவை. அந்த வேலை தெரிந்த கொத்தனாரை இன்று தேடிக் கண்டுபிடிப்பதே துர்லபம். கட்டர் மெஷினால் காடியடித்துக் குழாயைப் புதைத்தால் அழகாக இருக்கும் என்றார். அந்தத் தழும்பை சிமெண்டால் மூடினால் சுண்ணாம்போடு அது ஒட்டாமல் ஆயுளுக்கும் வெடித்துக்கொண்டிருக்கும் என்றேன் நான். முடிவில் அவரே ஒரு வழி சொன்னார்: குழாய்கள் உத்தரத்தின் மேல் முதுகில் ஒளிந்து ஓடி, கதவு நிலையின் ஓரமாக மட்டும் இறங்கின. காடியடித்தது சமையலறையிலும் குளியலறையிலும் மட்டுமே. பழைய கம்பிகளை ஓர் அங்குலமும் விடாமல் உருவி எடுத்தார். உயிரற்றது என்று எண்ணி விட்டுவைக்கும் கம்பியை வேறொருவர் பிற்காலத்தில் உயிருள்ளதோடு சேர்த்துவிடுவார் என்பது அவருடைய அனுபவம். கூடத்துத் தேக்குச் சட்டங்களை மட்டும், கம்பியில்லாமல், கிளிப்புகளோடு அப்படியே இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவரும் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி இப்ப யார் சார் அடிக்கிறாங்க” என்றார்.

செலவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வர்ணம் பூசுவதற்குத் தயங்காத குடும்பங்கள் சுவருக்குள் ஓடுவதற்குத் தயங்குவதைக் காண்கையில் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய முடியாதவர்கள் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் முதலில் செய்துகொள்ளட்டும். பிறகு மெயினும் எம்.சி.பி.யும், பிறகு தண்ணீர் புழங்கும் இடங்கள், படுக்கையறை விளக்கு காத்திருக்கலாம். பெற்றோர் தனியாக இருக்கும் பழைய வீடு எவருக்கேனும் இருக்குமானால், அடுத்த முறை போகையில் அவர்கள் எதைத் துணி சுற்றித் தொடுகிறார்கள், எதன் முன்னால் செருப்பு மாட்டிக்கொள்கிறார்கள் என்று கவனிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்து, மறுபடி தூக்கிவிட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் போனார். மறந்துவிடுமே என்று நான் கவலைப்பட்டேன். அத்தை அதை அமாவாசையோடு சேர்த்துக்கொண்டாள்.

சித்திரையில் மறுபடி போயிருந்தேன். விடியற்காலையில் அத்தை கிணற்றடியில் நீர் இறைத்துக் குடத்தோடு துளசி மாடத்தைச் சுற்றி வந்தாள்; குடத்தில் மிஞ்சியதைக் கொண்டுபோய், எர்த்துத் தொட்டியின் மூடியைத் தள்ளி, புனலில் நிதானமாக ஊற்றினாள். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஈரக் காலோடு வெறுந்தரையில் நின்று மாவைத் தள்ளினாள். மணையை அங்கே காணவில்லை. மத்தியானம் கூடத்தில் இலை போட்டபோது அதைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டு, என்னை அதன் மேல் உட்காரச் சொன்னாள்.